துபாய் செக்யூரிட்டி வேலை: உடம்பு தாங்குமா என்று கேட்ட உசிலம்பட்டித் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 26. உசிலம்பட்டிப் பக்கம். இப்போது மதுரை மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. துபாய்க்கு ஆஃபர் வந்திருக்கிறது, ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். 12 மணி நேர டூட்டி, பெரும்பாலும் இரவு. "அங்கே போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சும்மா நிற்கிற வேலையில் அப்படி என்னண்ணே கெட்டுப்போகிறது? டென்ஷன் வேறு என்கிறார்கள், என்ன டென்ஷன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'சும்மா நிற்கிற வேலை' என்ற நினைப்புதான் ஆளை ஏமாற்றுவது. மூட்டை தூக்குகிறவருக்கு உடம்பு நொந்தால் அன்றைக்கே தெரியும், உட்கார்ந்துவிடுவார். வாசலில் நிற்பவருக்கு இரண்டு, மூன்று வருடம் ஒன்றுமே தெரியாது. அங்கே முதலில் கெடுவது தூக்கம். அடுத்தது கால். அதற்கடுத்தது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்: ஒண்ணுக்குப் போவதற்கு இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது. பிரஷர், சுகர், முதுகுவலி, எரிச்சல், வீட்டில் சண்டை எல்லாம் இவற்றிலிருந்து கிளைவிடுபவை. இந்த மூன்றையும் கவனித்தால் உங்கள் வயதுக்கு உடம்பு தாங்கும்.

தூக்கத்தைச் சொல்வதற்கு முன் நேரக் கணக்கைப் பார்ப்போம். தாளில் 12 மணி என்று இருக்கும். கேம்ப், அதாவது நீங்கள் தங்குகிற இடம், சோனாப்பூரிலோ அல்கூஸிலோ இருக்கும்; சைட், அதாவது டூட்டி பார்க்கிற கட்டடம், மரீனாவில் இருக்கும். கம்பெனி பஸ் வரிசையாக ஒவ்வொரு சைட்டிலும் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். போக ஒரு மணி, ஒன்றரை மணி, வரவும் அப்படியே. அடுத்த ஷிஃப்ட்காரர் தாமதமாக வந்தால் அவர் வரும்வரை நீங்கள் நகர முடியாது. ஆக 15 மணி போயிற்று. மிச்சமுள்ள 9 மணியில் குளியலறை வரிசை, சமையல், துணி துவைப்பது, ஊருக்கு போன். தூக்கத்துக்கு 5 மணி கிடைத்தால் பெரிது. வாரம் ஆறு நாள் என்றால் டூட்டி மட்டும் 72 மணி. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிட, பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அதனால்தான் சம்பளத்தைக் கேட்கும் முன்பு கேம்புக்கும் சைட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமீரகத்தின் இப்போதைய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுவிதி நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி. அதற்கு மேல் ஓவர்டைம் நாளுக்கு 2 மணி வரை, மணிக்கூலியுடன் 25 சதவீதம் சேர்த்து. தொடர்ந்து 5 மணிக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. ஷிஃப்ட் வேலைக்குச் சில விலக்குகள் உண்டு, செக்யூரிட்டி கம்பெனிகள் நடைமுறையில் 12 மணியாகவே ஓட்டுகின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கூடுதல் நேரத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறதா, மொத்தச் சம்பளத்துக்குள் மூடி வைத்திருக்கிறார்களா என்பதுதான். பேசிக் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 40, எட்டால் வகுத்தால் மணிக்கு 5. ஓவர்டைம் மணிக்கு 6.25. நாளுக்கு 4 மணி வீதம் 26 நாளுக்கு 104 மணி, 650 திர்ஹம். ஆஃபர் தாளில் இந்தத் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றி எழுதியிருந்தால் ஓவர்டைமும் குறையும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற கிராஜுவிட்டியும் குறையும். இரண்டுமே பேசிக்கை வைத்துத்தான்.

இனி இரவு டூட்டி. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது சூரியனைப் பார்த்து ஓடுவது. விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடல் சூடு இறங்கும், கண் தானாகச் சொருகும். இது சோம்பேறித்தனம் அல்ல, எவருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சிசிடிவி திரையைப் பார்த்தால் தோற்பீர்கள். ரோந்து நேரத்தை உங்கள் இஷ்டப்படி வைக்கலாம் என்றால், நீளமான ரோந்தை இந்த இரண்டு மணி நேரத்துக்குள் போடுங்கள். படிக்கட்டு, பார்க்கிங், பம்ப் அறை எல்லாம் அப்போதுதான். லாக் புக்கையும் நின்றுகொண்டே எழுதுங்கள்.

டீக்கு ஒரு கணக்கு உண்டு. காலை 9 மணிக்குப் படுக்கப் போகிறவர் 3 மணிக்கு மேல் டீ, காபி, எனர்ஜி டிரிங்க் எதுவும் தொடக் கூடாது. படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே காபீனை நிறுத்த வேண்டும். ஆனால் அங்கே எல்லாரும் செய்வது நேர்மாறு: 4 மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுகிறது என்று ஒரு கடக் டீ, 5 மணிக்கு இன்னொன்று, அப்புறம் கட்டிலில் புரண்டுகொண்டு 'தூக்கமே வரவில்லை' என்பது. டீ வேண்டுமென்றால் டூட்டி ஏறியதும் ஒன்று, நடுராத்திரியில் ஒன்று. டூட்டிக்கு முன் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி படுத்து எழுந்தால் அது மூன்று டீக்குச் சமம்.

டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். சினிமாக்காரன் என்று கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு 'விடிந்துவிட்டது' என்று முடிவு செய்துவிடும், அப்புறம் தூங்க வைப்பது கஷ்டம். கேம்ப் அறையில் அடுக்குக் கட்டில்தான். கீழ்க்கட்டில் கிடைத்தால் சுற்றிலும் கெட்டியான கறுப்புத் துணியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள். மேல்கட்டில் என்றால் கண்பட்டையும் காதடைப்பானும். ஒரே ஷிஃப்ட் ஆட்களை ஒரே அறையில் போடும்படி கேம்ப் பொறுப்பாளரிடம் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் நடக்காது. பகல் ஆளும் இரவு ஆளும் கலந்த அறையில் எட்டு மணிக்கு ஒருவர் குக்கரை வைப்பார், பத்து மணிக்கு ஒருவர் போனில் கத்துவார்.

போன் என்றதும் இன்னொன்று. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். நீங்கள் அறைக்கு வருகிற காலை 8 மணி ஊரில் 9.30, அம்மாவும் தங்கச்சியும் பேசத் தோதான நேரம். அங்கேதான் தூக்கம் போகிறது. பேசும் நேரத்தை டூட்டிக்கு முன்பு, மாலை 5 மணிக்கு, அதாவது ஊரில் 6.30-க்கு என்று முதல் மாதமே வழக்கமாக்கிவிடுங்கள். காலையில் 'வந்துட்டேன்' என்று ஒரு மெசேஜ் போதும். பகலில் போனைச் சைலண்ட்டில் போட்டு, அவசரத்துக்கு ஒரே ஒரு நம்பர் மட்டும் அடிக்கும்படி வையுங்கள்.

ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்பதையும் விசாரியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பகல் இரவு மாற்றுகிற கம்பெனியில் உடம்பு எதற்கும் பழகாது, பழகும் முன்பே மாற்றிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஒரே ஷிஃப்ட் என்றால் சமாளிக்கலாம்.

கால் விஷயத்துக்கு வருவோம். நடப்பது வேறு, நிற்பது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோய் இரத்தம் கீழேயே தேங்கும். மாலையில் சாக்ஸ் தடம் பதிவது அதன் முதல் அறிகுறி. வருடக்கணக்கில் போனால் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், கணுக்கால் ஓரம் தோல் கறுக்கும், கடைசியில் ஆறாத புண். அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 முறை இறக்குங்கள். வாசலில் நின்றபடியே செய்யலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. முட்டியைப் பூட்டி விறைப்பாக நிற்காதீர்கள். அப்படி நிற்கும்போதுதான் தலை சுற்றிக் கீழே சாய்வது. முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும், எடையைக் கால் மாற்றிக் கால் போடுங்கள். மேசைக்குப் பின்னால் நிற்கிற போஸ்ட் என்றால் கீழே அரையடி உயரப் பலகை ஒன்றைப் போட்டு ஒரு காலை அதில் வைத்து மாற்றி மாற்றி நில்லுங்கள். இடுப்புக்கு அது பெரிய ஆறுதல். மார்பிள் தரையில் நிற்பதென்றால் கனமான ரப்பர் மிதியடி ஒன்று கேளுங்கள்.

ஸ்டாக்கிங் என்கிற இறுக்கமான சாக்ஸ் நல்ல பலன் தரும். முட்டிக்குக் கீழ் வரை உள்ளது, அட்டையில் 15-20 என்று அழுத்தம் போட்டிருக்கும், அது போதும். வீக்கம் ஏறுவதற்கு முன், படுக்கையிலிருந்து எழுந்த உடனே போட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். சுகர் உள்ளவர்களும் கால் மரத்துப்போகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது வேறு விஷயம். உள்நரம்பில் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கம்பெனி தருகிற பூட்ஸ் பெரும்பாலும் பலகைதான். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கிற நேரத்து அளவுதான் டூட்டிக்குச் சரியான அளவு. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரண்டு ஜோடி வைத்து நாள் மாற்றிப் போடுங்கள். ஈரம் காய ஒரு முழு நாள் வேண்டும். ஒரே ஷூவைத் தினமும் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். அதற்கு க்ளோட்ரிமசோல் களிம்பு, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும், நடுவில் விட்டால் திரும்ப வரும். டூட்டிப் பையில் மாற்று சாக்ஸ் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலித்தால், உள்ளங்கால் தசைநார் புண்ணாகியிருக்கிறது. எழும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து 30 வினாடி பிடியுங்கள், மூன்று முறை. தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறைய வைத்து உள்ளங்காலுக்கு அடியில் போட்டுப் பத்து நிமிடம் உருட்டுங்கள். சரியாக மாதக்கணக்காகும். அறையில் யாராவது வலி மாத்திரை நீட்டுவார்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைத் தினமும், அதுவும் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற உடம்பில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து கெடும்.

இப்போது அந்த வெளியில் பேசாத விஷயம். ஒற்றை ஆள் போஸ்ட்டில் ரிலீவர் வந்தால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். ரிலீவர் நாலு சைட்டுக்கு ஒருவர் என்றால் எப்போது வருவார் என்று தெரியாது. அதனால் எல்லாரும் செய்கிற தந்திரம் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. ஒண்ணுக்கை அடக்கினால் கல் வரும் என்று ஊரில் சொல்வோம். உண்மையில் கல்லுக்கு வழி விடுவது அடக்குவதைவிட, குடிக்காமல் இருப்பதுதான். சிறுநீரகக் கல் வராமல் இருக்க நாளுக்கு இரண்டரை லிட்டர் அளவுக்காவது சிறுநீர் போக வேண்டும். வியர்க்கிற ஊரில் அதற்கு நிறையக் குடிக்க வேண்டும். நிறத்தைப் பாருங்கள்: வெளிர் மஞ்சள் என்றால் சரி, கடுங்காப்பி நிறத்துக்குப் போகிறதென்றால் உடம்பு காய்ந்திருக்கிறது. ரிலீவர் நேரத்தை வாய்ப்பேச்சில் விடாமல், வாட்ஸப் குழுவில் சூப்பர்வைசரிடம் 'இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம்' என்று எழுத்தில் வாங்குங்கள். வராத நாளில் லாக் புக்கில் 'ரிலீவர் வரவில்லை' என்று நேரத்தோடு ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் அந்த வரி தொடர்ந்து இருந்தால் யாராவது கேள்வி கேட்டே ஆக வேண்டியிருக்கும்.

மதுரை வெயில் பார்த்தவனுக்குத் துபாய் வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். நம் சித்திரை வெயில் காய்ந்த வெயில், வியர்வை ஆறிவிடும். ஆகஸ்ட் மாதத் துபாயில் கடல் ஈரம் சேர்ந்துகொள்ளும். வியர்வை வழியுமே தவிர ஆறாது, உடம்புச் சூடு இறங்காது. ராத்திரியிலும் அப்படித்தான். முடிந்தால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போய்ச் சேருங்கள், உடம்பு பழக நேரம் கிடைக்கும். வெயில் காலத்தில்தான் போக வேண்டியிருந்தால், வெளி போஸ்ட்டில் முதல் நாளே முழு நேரம் நிற்காமல், ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக நேரத்தைக் கூட்டும்படி கேளுங்கள். வெப்பத்தால் சாய்கிறவர்களில் நிறையப் பேர் முதல் சில நாள் ஆட்கள்தான்.

வெளி கேட்டில் நிற்கும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல். அதற்காக ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் இரத்தத்தில் உப்பு குறையும். நன்றாக வியர்த்த நாளில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் திறந்தவெளி வேலை வாங்க அங்கே தடை இருக்கிறது. கேட்டில் நிழல் கேபின் கேட்பதற்கு அந்த விதியைச் சொல்லலாம். கூட நிற்பவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 998-க்கு போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல இல்லை. முழுச் சாப்பாட்டை டூட்டிக்கு முன்பு 5.30-க்கு முடியுங்கள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குச் சப்பாத்தி, சுண்டல், வாழைப்பழம், தயிர் என்று லேசாக. அதற்கப்புறம் காலை வரை கனமாக எதுவும் வேண்டாம். இரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டால் நெஞ்செரிச்சலும் வரும் தூக்கமும் வரும். இரவு உணவு, சர்க்கரை டீ, அசையாத வேலை மூன்றும் சேர்ந்தால் சுகர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், நம் ஊர் உடம்புக்கு இன்னும் சீக்கிரம். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

கிளம்பும் முன் மதுரையில் செய்ய வேண்டியது: பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். அங்கே போனபின் ரெசிடென்ஸ் விசாவுக்கு மெடிக்கல் எடுப்பார்கள், நெஞ்சில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் அங்கே சிக்கலாகலாம், முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கண்ணுக்கு அரவிந்த் ஆஸ்பத்திரி. பல் சொத்தை இருந்தால் இங்கேயே அடைத்துவிடுங்கள், அங்கே பல் வைத்தியச் செலவு கை கடிக்கும். மருந்து கொண்டுபோவதில் கவனம்: கோடின் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால், அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரை எல்லாம் அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். நம் ஊர்க் கடையில் சும்மா தருவார்கள், அங்கே ஏர்போர்ட்டில் வழக்காகிவிடும். டாக்டர் சீட்டும் அமீரக அரசின் முன் அனுமதியும் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

டென்ஷன் என்ன என்று கேட்டீர்கள். முதலாவது, உங்களுக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை. காரை இங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியது நீங்கள், நிறுத்துகிறவர் கட்டடத்தில் குடியிருப்பவர். அவர் திட்டுவார், பிறகு புகார் எழுதுவார், சூப்பர்வைசர் உங்களைத்தான் கேட்பார். இதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், கை இரண்டும் தெரியட்டும். குரலை அவரைவிடத் தாழ்த்துங்கள். 'சார், இது பில்டிங் ரூல், கண்ட்ரோல் ரூமைக் கேட்கிறேன்' என்று முடிவை உங்கள் தலையிலிருந்து இறக்கி மேலே அனுப்புங்கள். தொடவே கூடாது, வண்டியையும் கூட. அவர் கை ஓங்கினால் பின்வாங்கி 999. அடுத்த பத்து நிமிடத்துக்குள் லாக் புக்கில் நேரம், இடம், ஃபிளாட் எண், அவர் சொன்ன சொல், நீங்கள் செய்தது, பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். 'குடித்திருந்தார்' என்று எழுதாதீர்கள். 'பேச்சு குழறியது, மது வாடை வந்தது' என்று எழுதுங்கள். உங்கள் போனில் அவரைப் படம் எடுப்பதோ, சிசிடிவி காட்சியை நண்பனுக்கு அனுப்புவதோ வேண்டவே வேண்டாம். அங்கே அடுத்தவர் அந்தரங்கத்தைப் பதிவு செய்வது குற்றம். திட்டியவர் வீட்டுக்குப் போவார், நீங்கள் ஸ்டேஷனுக்குப் போவீர்கள்.

இரண்டாவது, ஃபைன். தூங்கினால், தொப்பி இல்லையென்றால், போன் பார்த்தால் என்று பிடித்தம் போடுவார்கள். ஒழுங்கு மீறலுக்கான பிடித்தம் சம்பளத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சம்பளச் சீட்டைப் படமெடுத்து மாதாமாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் ஆளை உள்ளே தின்பது: ஊரில் வட்டி ஓடுகிறது என்ற நினைப்போடு ஆளில்லாத லாபியில் 12 மணி நேரம் உட்கார்ந்திருப்பது. இதனால்தான் பலரும் வார ஆஃபை விற்று ஓவர்டைம் பார்க்கிறார்கள். ஆஃபை விற்காதீர்கள், முதல் வருடம் கடன் இருந்தாலும். அந்த ஒரு நாள் போனால் ஆறு மாதத்தில் எரிச்சல், மறதி, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது எல்லாம் வரும். விபத்தையோ தற்கொலையையோ டூட்டியில் பார்க்க நேர்கிறவர்களும் உண்டு, உயரமான கட்டடங்களில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பார்த்த காட்சி ஒரு மாதத்துக்கு மேலும் கனவில் வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல் போனால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், காய்ச்சலைச் சொல்வது போலச் சொல்லுங்கள். இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342-இல் 24 மணி நேரமும் இருக்கிறது. மன ஆலோசனையும் சட்ட ஆலோசனையும் உண்டு, காசு கிடையாது. சம்பளப் புகாருக்கு அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084. புரொபேஷன் முடிந்த பிறகு வருடத்துக்கு 90 நாள் வரை மருத்துவ விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் சம்பளமில்லாமல். மெடிக்கல் சீட்டை மூன்று நாளுக்குள் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கடனைப் பற்றிச் சொன்னதால் ஏஜெண்டைப் பற்றியும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ஏஜெண்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கிற செலவு கம்பெனியுடையது, உங்களிடம் வாங்கக் கூடாது. உங்கள் கையில் கேட்கிற ஒன்றரை லட்சத்துக்கு இதை நேராகச் சொல்லிக் கேளுங்கள்; முகம் மாறினால் வேறு ஆளைப் பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். பத்தாவது தேறாத பாஸ்போர்ட் என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, பத்து லட்சம் கவர். பத்தாவது தேறியவர்கள் 'எனக்கு வேண்டாம்' என்று விடுகிறார்கள்; 275 ரூபாயில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? துபாயில் செக்யூரிட்டியாக நிற்க, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிற துபாய் அரசின் சிரா அமைப்பு தருகிற கார்டு வேண்டும், அதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அந்தச் செலவு யார் தலையில் என்பதை ஆஃபர் தாளில் பாருங்கள்.

அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும், தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன், அந்தக் கம்பெனியில் இப்போது டூட்டி பார்க்கிற ஒருவரின் நம்பரை ஏஜெண்டிடம் கேளுங்கள். அவரிடம் சம்பளத்தைக் கேட்க வேண்டாம். ரிலீவர் எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறார், பஸ் எத்தனை மணிக்குக் கேம்பைவிட்டுக் கிளம்புகிறது, போன மாதம் எத்தனை ஆஃப் கிடைத்தது, அறையில் எத்தனை பேர், அவர்கள் எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள். பதிலை இங்கே எழுதுங்கள். ஆஃபர் லெட்டரையும் அனுப்புங்கள், பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டு. பேசிக்கும் ஓவர்டைம் வரியும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.